நெட்டை வீரம்மாவின் தம்பி

தூத்துக்குடி,
6 செப்டம்பர் 2016

அன்புள்ள அக்கா வீரம்மாவுக்கு,

தம்பி ஆண்டியப்பன் எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் சுகமா என்று கேட்பதற்கு முன்னால், இருக்கிறீர்களா என்றே தெரியாமல்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்பா முத்துலிங்கம், அம்மா அம்மாக்கண்ணு, மஸ்கெலியா ஸ்டோன்வேல் தோட்டம், மேல் டிவிசன். எனக்குத் தெரிந்த விலாசம் இவ்வளவுதான். 1984-இல் நாங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது எனக்கு ஆறு வயது, உங்களுக்குப் பதினாலு. உங்கள் பெயர் அத்தையின் குடும்பக் கார்டில் இருந்ததால் எங்களோடு விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருடத்தில் அழைத்துக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்தார். அதற்குள் கப்பலே நின்றுபோனது. கோத்தகிரிக்குப் போன மூன்றாம் வருடம் அப்பா இறந்துவிட்டார். அம்மா இந்தச் சித்திரையில் போனாள். போகும்முன் ஒன்றுதான் சொன்னாள்: "அக்காவைப் போய்ப் பாருடா ஆண்டி. ஒசரமா இருப்பா, தூரத்துலயே தெரியும்."

நான் ஒரு தோணியில் பண்டாரி, அதாவது சமையல்காரன். தோணிக்கு 'ஆரோக்கிய நாயகி' என்று பெயர். இஞ்சின் இருக்கிறது. இருந்தாலும் காற்று கிடைத்தால் பாய் விரித்துத்தான் ஓடுவோம். டீசல் விற்கிற விலை அப்படி. வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வருவோம். அதுவும் இந்த ஒரு சீசன்தான். கண்டெய்னர் ஏற்றும் பெட்டிக் கப்பல்கள் வந்தபிறகு எங்களை யார் சீந்துகிறார்கள்? அடுத்த ஆனியில் தோணியை உடைத்து மரமாக விற்கப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது, தோணிக்காரன் புத்தகம்தான் உண்டு. தோணி இருந்தால்தான் அந்தப் புத்தகமும் செல்லும். எனவே இந்த சீசனுக்குள் உங்களைப் பார்த்துவிட வேண்டும்.

இத்தனை வருடம் ஏன் எழுதவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள். போன் நம்பர் இருந்தால் எழுதுங்கள். இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதினாலும் போதும்.

உங்கள் தம்பி,
ஆண்டியப்பன்


ஸ்டோன்வேல் தோட்டம், மஸ்கெலியா,
9 அக்டோபர் 2016

அன்புள்ள தம்பி ஆண்டியப்பனுக்கு,

அக்கா எழுதுவது. இருக்கிறேன். மழை விடவில்லை, இருமல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, மற்றபடி சுகம்.

உன் கடிதம் கிடைத்தது. எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. அம்மாவும் அப்பாவும் போன செய்தியைப் படித்துவிட்டு அன்று கோயிலில் ஒரு விளக்கு வைத்தேன். போனில் பேசலாமா என்று கேட்டிருந்தாய். தேயிலை ஸ்டோரில் ரோலர் மிசினுக்குப் பக்கத்தில் ஆறு வருடம் வேலை செய்து காது போய்விட்டது. நீ அங்கே கத்தினால் தூத்துக்குடிக்குக் கேட்கும், எனக்குக் கேட்காது. கடிதமாகவே எழுது.

கடலில் பார்த்துப் போ. வெங்காயம் ஏற்றுகிற தோணியில் சமையல்காரனாக இருக்கிறாய், கண்ணீருக்குக் குறைவிருக்காது. வேளைக்கு நீயும் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா வீரம்மா


ஸ்டோன்வேல் தோட்டம்,
11 அக்டோபர் 2016

அன்பு மகள் தனுஷிகாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ சுகமா? துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே, முதலாளியம்மா பார்க்காத நேரம் உட்கார். நீ அனுப்பிய மருந்து குடித்தேன், இருமல் பரவாயில்லை.

ஒரு காரியம் செய்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியவில்லை. போன மாதம் பெரட்டில் வேலை பிரிக்கும்போது கண்டாக்கு ஐயா கூப்பிட்டு, "வீரம்மா, ஒனக்கு இந்தியாவுல இருந்து கடுதாசி வந்திருக்கு" என்று கொடுத்தார். மேல் டிவிசனில் இப்போது வீரம்மா என்றால் நான் ஒருத்திதானே. இந்தியாவில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே பிரித்தேன். அது நம் நெட்டை வீரம்மாவுக்கு வந்தது. அவள் தம்பி எழுதியது. இந்த சீசனில் தோணியில் கொழும்புக்கு வருவானாம். அவள் செத்துப் பதினைந்து மாதம் கழித்து எழுதியிருக்கிறான்.

உனக்குத் தெரியாததா? இருபது வருடம் எனக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள். எனக்குக் காது கேட்காதென்று கத்திக் கத்தித்தான் பேசுவாள். அதனால் அவள் தம்பியின் கதை இந்த மலைக்கே மனப்பாடம். அவன் எழுதுவான் எழுதுவான் என்று தபால் வருகிற நாளெல்லாம் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். கல்யாணமும் கட்டவில்லை. அவளுக்கு இங்கே அத்தையும் போனபிறகு யாரும் கிடையாது. அதனால் அவனுக்குச் சாவுச் செய்தி சொல்லவும் ஆளில்லை.

உங்கள் அக்கா இறந்துவிட்டாள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். 'அன்புள்ள தம்பி' என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் பேனா அந்தப் பக்கமே போகவில்லை. அம்மாவைப் பறிகொடுத்து ஆறு மாதம் ஆகிறது அவனுக்கு. முப்பத்திரண்டு வருடம் கழித்துக் கதவைத் தட்டுகிறான், தட்டிய கையோடு இழவைச் சொல்வதா? நானே அவள் மாதிரி எழுதி அனுப்பிவிட்டேன். நான் செய்தது சரியா பிள்ளை?

அம்மா


வெள்ளவத்தை, கொழும்பு,
20 அக்டோபர் 2016

அன்பு அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் பனியில் வெறும் காலோடு நடக்காமல் இருந்தால் எனக்கு இன்னும் சுகமாக இருக்கும்.

நீங்கள் செய்தது சரியே இல்லை. செத்துப்போன ஆளின் பெயரில் கடிதம் எழுதுவது என்ன பழக்கம்? அந்த மாமா இந்த சீசனில் கொழும்புக்கு வருவார். அக்கா எங்கே என்று வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? நெட்டை அத்தை பங்களா வாசலில் குனிந்துதான் நுழைவாங்க. நீங்கள் கூடையை மாட்டினால் கூடை நடந்து வருகிற மாதிரி இருக்கும். உங்களைப் பார்த்தால் குருடன்கூட நம்ப மாட்டான்.

சிரிப்பதற்காக எழுதவில்லை அம்மா. அடுத்த கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடப் போடக் கஷ்டம். எனக்கு அவரை நினைத்துப் பயமில்லை, உங்களை நினைத்துத்தான் பயம். அத்தையைக் குளவி கொட்டிய நாளிலிருந்து நீங்கள் பழைய ஆளாக இல்லை. ஏனென்று கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள்.

உங்கள் மகள்,
தனுஷிகா


தூத்துக்குடி,
28 நவம்பர் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். இருமல் விட்டதா? மிளகு ரசம் வைத்துக் குடியுங்கள்.

போன வாரம் மாலத்தீவிலிருந்து வந்தபோது உங்கள் கடிதம் காத்திருந்தது. படித்துவிட்டு அடுப்பில் வைத்ததை மறந்தேன். அன்று எட்டுப் பேருக்கும் கருகிய சோறு. தண்டல், அதுதான் எங்கள் தோணிக்குத் தலைவர், திட்டுவதற்கு வாயைத் திறந்தார். "எங்க அக்கா இருக்குது தண்டல்" என்று கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டுக் கருகல் சோற்றை இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பு நெருங்கும்போது, மழை இல்லாத விடியற்காலையில், கரை தெரிவதற்கு முன்னாலேயே உங்கள் மலை தெரியும். சிவனொளிபாத மலை, கூம்பாக, நீலமாக. தண்டலுக்கு அது தெரிந்தால் போதும், வேறொன்றும் பார்க்க மாட்டார். இஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு பாயையும் ஏற்றச் சொல்வார். அந்த நேரத்தில் தோணியில் ஒரு சத்தமும் இருக்காது, தண்ணீர் ஒதுங்குகிற சத்தம் தவிர. அந்த மலையடியில்தான் அக்கா இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். எழுதினால் பதில் வராமல் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். வேறொன்றும் இல்லை. பதில் வராதவரைக்கும் நீங்கள் இருந்தீர்கள் அல்லவா?

தோட்டத்தில் இருந்ததில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவிருக்கிறது. மழையில் யாரோ என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது. அது நீங்களா? கனவா?

கொழும்பு ஓட்டம் எப்போது என்று தெரிந்ததும் எழுதுகிறேன். நீங்கள் துறைமுகத்துக்கு வர முடியுமா?

அன்புத் தம்பி,
ஆண்டியப்பன்


ஸ்டோன்வேல் தோட்டம்,
3 ஜனவரி 2017

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா சுகம். நீயும் உன் தோணியில் இருக்கிற எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். சிவனொளிபாத மலை ஏற நல்லதண்ணிக்கு சீசன் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. மஸ்கெலியா பஸ்ஸில் ஏற இடமில்லை.

அது கனவில்லை. உனக்கு நாலு வயது. மூக்குக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டாய். எடுக்கப் போக அது இன்னும் உள்ளே போனது. அப்பாவும் அம்மாவும் மலையில். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மழையில் இரண்டு மைல் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். மருந்தையா இடுக்கியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் நீ ஒரு தும்மல் போட்டாய். கொட்டை அவர் சட்டையில் போய் விழுந்தது. "இந்தக் கழுதைக்கு ஒன்னுமில்ல, தூக்கிட்டுப் போம்மா" என்றாராம். திரும்பி வரும்போது நீ தோளில் தூங்கிவிட்டாய். அன்றைக்குக் காலில் குத்திய முள்ளின் தழும்பு கடைசிவரை இருந்தது.

உன் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் என்று யாரும் இல்லாத மாதிரியே இருந்து பழகிவிட்டது. இப்போது வேலையில்கூட, இதைத் தம்பிக்கு எழுத வேண்டும், அதைத் தம்பிக்கு எழுத வேண்டும் என்று ஓடுகிறது. நேற்று புது கண்டாக்கு தம்பி அட்டை கடித்துக் குதித்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். அதையும் உனக்கு எழுதத் தோன்றுகிறது பார்.

கொழும்புக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தாய். தூரம், வேலை, காதும் கேட்காது. பார்க்கலாம்.

அக்கா வீரம்மா


தூத்துக்குடி,
8 பெப்ரவரி 2017

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாகத் தண்டல் வேண்டிக்கொண்டிருக்கிறார். நாம் இந்து என்றேன். "மெழுகுத்திரிக்கு அது தெரியாதுல" என்றார்.

'பார்க்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சே வேண்டாம். இது கடைசி ஓட்டம். 28-ஆம் தேதி இங்கிருந்து கிளம்புகிறோம். மார்ச் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணியிலிருந்து சாயந்தரம் ஆறு மணிவரை எனக்கு வெளியே வரப் பாஸ் கிடைக்கும். நகரத்தைத் தாண்டக் கூடாது, அதனால் உங்கள் வீட்டுக்கு வர வழியில்லை. துறைமுகத்தின் பெரிய வாசலில் நிற்பேன். சிவப்புச் சட்டை. எனக்கும் நல்ல உயரம்தான், நம் இரண்டு பேரையும் கூட்டத்தில் தேட வேண்டிய அவசியமே இருக்காது.

நான் சமைத்துக் கொண்டுவருகிறேன். அம்மா வைக்கிற மாதிரி கருவாட்டுக் குழம்பு. வாருங்கள் அக்கா.

தம்பி,
ஆண்டியப்பன்


ஸ்டோன்வேல் தோட்டம்,
19 பெப்ரவரி 2017

ஆண்டியப்பன் அவர்களுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும் சுகமாக இருக்க வேண்டும். நீங்கள் கிளம்புவதற்கு முன் கிடைத்துவிடும் என்று தபால் கந்தோரில் சொன்னதால் நம்பி எழுதுகிறேன்.

நான் உங்கள் அக்கா இல்லை. என் பெயரும் வீரம்மாதான். இரண்டு வீரம்மா இருந்தோம். உங்கள் அக்காவை நெட்டை வீரம்மா என்பார்கள், என்னைக் கட்டை வீரம்மா என்பார்கள். உங்கள் அக்கா 2015 ஜூன் மாதம் இறந்துவிட்டாள். நான் எழுதிய புளியங்கொட்டைக் கதை அவள் சொன்னது. எதுவும் பொய்யில்லை, எழுதிய ஆள்தான் பொய்.

எப்படி இறந்தாள் என்பதையும் சொல்லாவிட்டால் நான் மனுசியே இல்லை. என் மகளுக்குக்கூட இது தெரியாது. காலையில் பெரட்டில் ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். அன்று பாறைப் பக்கத்து மேட்டு நிரை எனக்கு வந்தது. முட்டி வலி. "நீ எடுத்துக்கடி" என்றேன். "கட்டைக் காலுக்கு மேடு ஏறுமா, தள்ளு" என்று சிரித்துக்கொண்டே மாற்றிக்கொண்டாள். பாறைக்கு மேலே மரத்தில் குளவிக் கூடு இருந்தது. அது கலைந்து அவள் மேல் இறங்கிவிட்டது. அவள் கத்தியது மலை முழுக்கக் கேட்டதாம். எல்லோரும் ஓடினார்கள். பத்தடி தள்ளி நின்ற எனக்கு மட்டும் கேட்கவில்லை. நான் குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் விழுந்து கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த நிரை என்னுடையது. சாக வேண்டியவள் நான். உங்கள் கடிதம் என் கையில் வந்தபோது, அவளுக்கு வந்தது, அவள் இடத்தில் நான் இருக்கிறேன், பதிலாவது கொடுப்போம் என்று தோன்றியது. அப்புறம் எழுத எழுத எனக்கே ஆசை வந்துவிட்டது. தம்பி என்று எழுத ஒரு ஆள் கிடைத்த ஆசை. அதுதான் நான் செய்த பெரிய பிழை.

மன்னிக்கச் சொல்லவில்லை. அக்காவைத் தேடி வாசலில் நிற்க வேண்டாம் என்றுதான் எழுதினேன்.

கட்டை வீரம்மா


கொழும்புத் துறைமுகம்,
5 மார்ச் 2017

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமில்லாமல் படுத்திருக்கிறீர்களோ என்றுதான் கவலையாக இருக்கிறது.

இன்று வாசலில் நின்றேன். நீங்கள் வரவில்லை. பஸ் பிந்தியிருக்கும். அல்லது மலையில் மழை பெய்து ரோட்டில் மண் சரிந்திருக்கும். அல்லது தோட்டத்தில் விட்டிருக்க மாட்டார்கள். கோபமே இல்லை அக்கா. உயரமான பெண்களாகப் பார்த்து, "மஸ்கெலியாவா? வீரம்மா அக்காவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு சிங்கள அம்மா பயந்து ஓடினார்கள். ஆறு மணிக்கு உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுக் கேரியரை வாசல் காவல்காரரிடம் கொடுத்து, அக்கா வந்தால் கொடுக்கும்படி சைகை காட்டிவிட்டு வந்தேன். அவரே சாப்பிட்டாலும் சரி, பசித்த வயிறுதானே.

நாளைக் காலை கிளம்புகிறோம். திரும்பும்போது இஞ்சின் போடப் போவதில்லையாம். காற்று எத்தனை நாள் எடுத்தாலும் சரி, கடைசித் தரம் பாயிலேயே போவோம் என்கிறார் தண்டல். எல்லோரும் சரி என்றோம். இதை ஏஜென்டிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் நலம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி,
ஆண்டியப்பன்


தூத்துக்குடி,
2 ஜூலை 2017

அன்புள்ள அக்காவுக்கு,

இப்படித்தான் ஆரம்பிக்க வருகிறது. வேறு என்ன எழுதுவது என்று மூன்று மாதமாகத் தெரியவில்லை. சுகமா? நான் உடம்புக்குச் சுகம்.

மார்ச் பதினொன்றாம் தேதி வந்து இறங்கியபோது உங்கள் பெப்ரவரிக் கடிதம் இங்கே இருந்தது. நாங்கள் கிளம்பிய மறுநாள் வந்ததாம். படித்ததும் உங்கள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. பழைய கடிதங்களைக் கிழிக்கப் போனேன். புளியங்கொட்டைக் கடிதத்தில் கை நின்றுவிட்டது. அதைக் கிழித்தால் அக்காவிடமிருந்து எனக்கு வந்த ஒன்றே ஒன்றும் போய்விடும்.

பிறகுதான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அக்கா உயிரோடு இருந்தபோது நான் கொழும்புத் துறைமுகத்துக்கு நாற்பது தடவைக்கு மேல் வந்திருக்கிறேன். அவள் ஆபீஸ் வாசலில் கடிதத்துக்கு நின்ற நாளில், நான் ஒரு நாள் பஸ் தூரத்தில் கருவாடு அலசிக்கொண்டிருந்தேன். ஒரு தபால் அட்டை வாங்கி நாலு வரி எழுதவில்லை. நீங்கள் ஒரு நிரையைத்தான் மாற்றிக் கொடுத்தீர்கள். நான் செய்ததற்கு யாரிடம் போய்ச் சொல்வது?

போன வாரம் 'ஆரோக்கிய நாயகி'யை உடைத்தார்கள். பாய்மரத்தை இறக்கும்போது தண்டல் வரவில்லை. நான் இப்போது ஒரு லாட்ஜில் சமைக்கிறேன். தோணிக்காரன் புத்தகம் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. இனிமேல் நான் அந்தக் கரைக்கு வரப் போவதில்லை.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. அக்கா இல்லை என்பதைக்கூடத் தாங்கிக்கொள்கிறேன். அன்று நீங்களாவது வந்திருக்கலாம். அந்த வாசலில் யாராவது ஒருத்தி தம்பி என்று கூப்பிட்டிருந்தால் எனக்குப் போதும். நான் உயரம் பார்த்திருக்க மாட்டேன்.

அக்காவை எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஆண்டியப்பன்


ஸ்டோன்வேல் தோட்டம்,
20 ஜூலை 2017

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் இருக்கிறேன்.

அவளைப் பதினோராம் நம்பர் மலைக்குக் கீழே, ஆற்றோரம் அடக்கம் செய்தோம். தலைமாட்டில் ஒரு முருங்கைக் கொம்பு நட்டேன், பிடித்துக்கொண்டது. மாதம் ஒரு தடவை புல் செதுக்குகிறேன். உன் கடைசி இரண்டு கடிதங்களை அங்கே உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். எனக்கே கேட்கிற அளவுக்குச் சத்தமாக.

இனி நான் மறைத்த கடைசி விஷயம். அன்று நான் வந்தேன்.

சனிக்கிழமையே மகளின் அறைக்கு வந்துவிட்டேன். என் கடிதம் உன் கைக்குக் கிடைத்திருக்கும், கோபமாக வருவாய், நடுத்தெருவில் வைத்து என்னைத் திட்டுவாய், வாங்கிக்கொண்டு உன் காலில் விழலாம் என்றுதான் வந்தேன். எட்டரை மணிக்கே வாசலுக்கு எதிரே, தேங்காய் விற்கிறவன் பக்கத்தில் நின்றேன். ஒன்பது மணிக்குச் சிவப்புச் சட்டையோடு வெளியே வந்தாய். கையில் கேரியர். முகம் முழுக்கச் சிரிப்பு. பார்த்த மறுகணமே தெரிந்துவிட்டது, என் கடிதம் உனக்குக் கிடைக்கவில்லை.

நடை அப்படியே அவள் நடை. தோளை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நடப்பாள், நீயும் அப்படித்தான். நான் அழுதுகொண்டே நின்றேன். தனுஷிகா கையைப் பிடித்து இழுத்தாள். "போங்கம்மா, போய்ப் பேசுங்க, அந்த மாமா பாவம்." என்னவென்று பேசுவது? கேரியரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறவனிடம் போய் உன் அக்கா செத்துப்போனாள் என்பதா? நான்தான் அக்கா என்றால், என்னை அண்ணாந்து பார்க்க வேண்டிய நீ குனிந்து பார்க்க வேண்டும். இரண்டும் வாயில் வரவில்லை.

நீ சாலையைக் கடந்து இந்தப் பக்கமும் வந்தாய். உயரமான பெண்களையெல்லாம் நிறுத்திக் கேட்டாய். என்னை மூன்று தடவை தாண்டிப் போனாய். மூன்றாம் தடவை என் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாய். கேட்கவில்லை. என்ன சொன்னார் என்று மகளைக் கேட்டேன். "கொஞ்சம் தள்ளிக்குங்கம்மான்னு சொன்னாரு" என்றாள். தள்ளிக்கொண்டேன்.

நாள் முழுக்க அங்கேயே நின்றோம். ஆறு மணிக்கு நீ கேரியரைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாய். அப்போதுதான் என் கால் நகர்ந்தது. வாசலுக்குப் போய், அந்தச் சாப்பாடு எனக்கு என்று கையைக் காட்டினேன். யார் என்று அவர் சிங்களத்தில் கேட்டார். மகள் காதில் சொன்னாள். "மகே மல்லி" என்றேன், என் தம்பி என்று. அவருக்கு முகமெல்லாம் சந்தோசம். கேரியரைக் கையில் கொடுத்துவிட்டு, நீ போன பக்கம் காட்டி, ஓடிப் போய்க் கூட்டி வரட்டுமா என்று கேட்டார். அப்போது நீ நூறு அடிகூடப் போயிருக்கவில்லை. உன் சிவப்புச் சட்டை எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வேண்டாம் என்றேன்.

இப்படிக்கு,
அக்கா வீரம்மா